தொட்டிக்கு வந்த அம்மை

வாரத்தில் மூன்று நாள், செவ்வாயும் வியாழனும் சனியும், நான் என் பெயருக்கு எதிரே நான்கு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். மலாக்காவின் மஸ்ஜித் தானா கடைவீதியின் பின்வரிசையில், முன்பு தளவாடக் கடையாக இருந்த கட்டடத்தில் இயங்குகிறது என் மனைவிக்குச் சிகிச்சை நடக்கும் சிறுநீரகச் சுத்திகரிப்பு நிலையம். காத்திருக்கும் கூடத்துக்கும் சிகிச்சை அறைக்கும் இடையேயுள்ள சுவரில், இரண்டு பக்கமிருந்தும் பார்க்கும்படி மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்று பதிக்கப்பட்டுள்ளது. தொட்டியின் கீழ்விளிம்பில் ஒரு பித்தளைத் தகடு. அதில் 'உபயம்' என்ற சொல். அதன்கீழ் என் பெயர். பெயரைத் தொடர்ந்து என் பட்டம். கோயில் குழல்விளக்கில் தம் பெயரைப் பெரிதாக எழுதி வெளிச்சத்தை மறைத்துவிடும் உபயதாரர்களைப் பற்றி வகுப்பறையில் ஏளனமாகப் பேசியவன் நான். தகட்டில் எழுத்துப் பொறிக்கக் கொடுத்த அன்று, பட்டத்தை விட்டுவிடாதீர்கள் என்று கடைக்காரரிடம் இருமுறை நினைவூட்டியவனும் நானே.

உயிரியல் ஆசிரியனாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பிறகு வீட்டில் நான்கு தொட்டிகளில் சிறுமீன் வளர்த்தேன். நியான், கப்பி, கண்ணாடிபோல் முள் தெரியும் ஒருவகைக் கெளுத்தி. இவை ஒரு விரல் நீளம்கூட இல்லாதவை. நீரின் சூடு சற்று மாறினாலே துவண்டுபோகும் உயிர்கள். அவற்றை வளர்த்துக் காட்டுவதில் எனக்கு ஒரு பெருமிதம் இருந்தது. அலோர் காஜாவிலிருந்தெல்லாம் ஆட்கள் சந்தேகம் கேட்டு வருவார்கள். மீன் வாத்தியார் என்று எனக்குப் பின்னால் ஒரு பெயர் இருந்தது. அது எனக்கு உவப்பாக இல்லை. ஆயினும் நான் அதைத் திருத்தவில்லை. அவர் வீட்டு மீன் சாகாது என்பதே அந்தப் பெயரின் பொருள்.

அது உண்மையன்று. எல்லார் வீட்டு மீன்களையும்போல என் மீன்களும் செத்தன. காலையில் என் மனைவி எழுந்து வருமுன் நான் நான்கு தொட்டிகளையும் பார்த்துவிடுவேன். மிதப்பதை வலையால் எடுத்துச் செம்பருத்திச் செடியின் அடியில் புதைத்துவிட்டு, அந்த வாரத்துக்குள் அதே அளவில் வேறொன்று வாங்கி விடுவேன். எண்ணிக்கை குறையாது. எண்ணிக்கை குறையாத வீட்டில் சாவு இல்லை என்று பார்க்கிறவர்கள் முடிவு கட்டிக்கொண்டார்கள். நான் பொய் சொல்லவில்லை. கேட்கப்படாத கேள்விக்குப் பதில் சொல்லவில்லை, அவ்வளவே. இந்தப் பழக்கம் மீனோடு நிற்கவில்லை. என் மனைவியின் சிறுநீரகங்கள் செயலிழந்துவிட்டன என்று மருத்துவர் சொன்ன பிறகும் உறவினர்களிடம் எட்டு மாதம் மூச்சுவிடாமல் இருந்தேன். அவள் கையில் ஊசி போடும் இடம் புடைத்துத் தெரியத் தொடங்கியதும் நீளக்கை இரவிக்கை தைத்துக்கொள்ளச் சொன்னேன். அவளும் தைத்துக்கொண்டாள்.

தொட்டியை நான் நன்கொடையாகக் கொடுத்ததற்குக் காரணம் இரக்கமா, அந்தக் கூடத்தில் என் இருப்புக்கு ஒரு மதிப்பைத் தேடிக்கொண்டேனா என்று இப்போது பிரித்துச் சொல்ல இயலவில்லை. நோயாளிகளுக்கு அது பிடித்துவிட்டது. ஒரு நாளைக்கு இரண்டு குவளைத் தண்ணீருக்குமேல் குடிக்கக் கூடாது என்று கட்டுப்படுத்தப்பட்டவர்கள், நாற்காலியில் சாய்ந்தபடி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரெம்பியா பக்கத்திலிருந்து வருகிற முன்னாள் லாரி ஓட்டுநர் ஒருவர் என் மனைவிக்கு அடுத்த நாற்காலி. மீனுக்கு முகமன் சொல்லிவிட்டுத்தான் உட்காருவார்.

"வாத்தியாரே, நமக்கு ஒரு கிளாஸ் தண்ணிக்கு வழியில்ல. இதுங்க தண்ணியிலயே குடும்பம் நடத்துதுங்கலா" என்பார். அவருக்கு எதிர்ப்புறம் அமர்கிற மலாய் மூதாட்டி ஒருவர், நாங்கள் மக்சிக் என்று அழைப்பவர், வயதில் என்னைவிட மூத்தவர், ஒரு கப்பியைத் தன்னுடையது என்று அறிவித்துவிட்டார். அதன் வால் தன் பேத்தியின் திருமண உடையைப் போல் இருக்கிறதாம். ஒவ்வொருவரும் இப்படி ஒன்றைப் பிடித்துவைத்துக்கொண்டார்கள். இயந்திரத்தில் சிவப்பு விளக்கு எரியும்போதுகூட அவரவர் மீன் எங்கே என்றுதான் முதலில் தேடினார்கள்.

தொட்டியைக் கவனித்துக்கொண்டவர் நிலையத்தின் பணிப்பெண். நாற்பதைக் கடந்தவர், ரெம்பியாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். நோயாளிகளை எடை பார்ப்பது, போர்வை போர்த்துவது, ஊசி எடுத்த இடத்தில் இரத்தம் நிற்கும்வரை பஞ்சை அழுத்திப் பிடிப்பது ஆகியவை அவர் வேலை. அந்த அழுத்தத்தில் ஒரு கணக்கு உண்டு. மிகுந்தால் இரத்தக்குழாய் அடைத்துக்கொள்ளும். குறைந்தால் இரத்தம் பீறிடும். அவர் கை பட்டால் வலிக்காது என்று எல்லாரும் அவரையே கேட்பார்கள். தொட்டியின் பராமரிப்புக்காக நான் ஒரு தாளில் விதிமுறைகள் தட்டச்சு செய்து கொடுத்திருந்தேன். குழாய்த் தண்ணீரை ஒரு பகலும் ஓர் இரவும் வாளியில் வைத்திருந்துதான் ஊற்ற வேண்டும். மூன்றில் ஒரு பங்குக்குமேல் மாற்றக் கூடாது. உணவு ஒரு சிட்டிகை. அந்தத் தாளை அவர் பொருளறைக் கதவின் உட்புறம் ஒட்டிவைத்து, ஓர் எழுத்துப் பிசகாமல் நடந்துகொண்டார். இதை நான் இங்கே அழுத்திச் சொல்லியாக வேண்டும்.

அந்த ஆண்டு, யாவரும் வந்து உண்டு போகும் தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பை நிலையத்திலேயே நடத்த ஏற்பாடாயிற்று. சட்டமன்ற உறுப்பினர் வருகிறார் என்றார்கள். பன்னிரண்டு புதிய நியான்கள் தருவதாக நான் வாக்களித்தேன். நிகழ்ச்சி நிரலில் அதையும் ஒரு நிகழ்வாக, என் பெயரோடு, அச்சிட்டுவிட்டார்கள். புதிய மீனை இரண்டு வாரம் தனித்தொட்டியில் வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும். இது நான் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லும் முதல் பாடம். ஆனால் அந்த மாதம் என் மனைவிக்கு நெஞ்சில் நீர் கட்டிக்கொண்டு மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலைந்ததில் நாட்கள் போய்விட்டன. நிகழ்ச்சிக்கு ஒரு வாரமே இருந்தபோது மலாக்கா நகரக் கடையொன்றில் மீன்களை வாங்கி, வீட்டின் பெரிய தொட்டியில் நேராக விட்டேன்.

புதன்கிழமை காலை என் மனைவி கூடத்திலிருந்து அழைத்தாள்.

"ஏங்க, இங்க வந்து பாருங்க. மீனுக்கு அம்மை போட்டிருக்கு."

ஒரு நியானின் வாலில் சர்க்கரைத் துகள்போல் ஒரு வெள்ளைப் புள்ளி. இன்னொன்று அடிக்கல்லில் உடலை உரசி உரசித் திரும்பியது. பார்த்த கணத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. வெண்புள்ளி நோய். அதை உண்டாக்கும் ஒட்டுண்ணி மீனின் தோலுக்குள் புகுந்து தின்று, கொழுத்ததும் உதிர்ந்து அடிமணலில் ஒட்டிக்கொண்டு, நூற்றுக்கணக்காகப் பிளந்து, மீண்டும் மீனைத் தேடி நீந்தும். நீந்துகிற அந்தக் குறுகிய பொழுதில் மட்டுமே மருந்து அதைத் தொடும். கண்ணுக்குப் புள்ளி தெரியாத மீனும் அதே நீரில் இருந்தால் அதைச் சுமந்துகொண்டிருக்கும். இதை நான் எத்தனையோ ஆண்டு கரும்பலகையில் வட்டம் போட்டு விளக்கியிருக்கிறேன்.

அம்மை இல்லை, ஒட்டுண்ணி என்று அவளைத் திருத்தினேன்.

"என்ன உண்ணியோ. அம்மை வந்த வீட்டுலருந்து ஒண்ணும் வெளிய போகக்கூடாது. மூணு தண்ணி ஊத்துற வரைக்கும் பொறுத்துக்குங்க" என்றாள். பாதி வேடிக்கையாகவும் பாதி நிசமாகவும், அடுத்த வீட்டு மரத்திலிருந்து ஒரு கொத்து வேப்பிலை ஒடித்து வந்து தொட்டி விளக்கில் செருகிவைத்தாள்.

அவள் ரெம்பியாவை அடுத்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவள். நான் அதே தோட்டத்தில் கணக்கெழுதிய கிராணியாரின் மகன். எங்கள் திருமணத்துக்கு என் தந்தை வரவில்லை. அவள் சிறுமியாக இருந்தபோது அவள் வீட்டில் அம்மை கண்டது. வாசலில் வேப்பிலை கட்டினார்கள். உள்ளே யாரும் போகவில்லை. உள்ளிருந்து ஒரு துணிகூட வெளியே வரவில்லை. அவள் தந்தை மூன்றாம் தண்ணீர் ஊற்றும்வரை பால்வெட்டுக்குப் போகவில்லை. காலைப் பெரட்டில், ஆட்கள் வரிசையில் நிற்கும்போது, என் தந்தை அந்தக் குடும்பத்தைச் சோம்பேறிகள் என்றும் ஆத்தாள் பெயரால் விடுப்பு எடுக்கிறவர்கள் என்றும் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். அம்மை அந்த ஒரு வீட்டோடு நின்றுவிட்டது. அதைப் பற்றி அவர் பெரட்டில் எதுவும் சொல்லவில்லை.

அன்று பிற்பகல் மீன் பற்றிக் கேட்க ஒரு பழைய மாணவர் வருவதாக இருந்தது. பட்டதாரியின் வீட்டில் மீன்தொட்டிக்கு வேப்பிலை கட்டியிருப்பதை அவர் பார்க்கலாகாது என்று நான் அந்தக் கொத்தை எடுத்துக் குப்பையில் போட்டேன். என் மனைவி அதைக் கண்டாள்.

நிகழ்ச்சி நாளான சனிக்கிழமை காலை, புள்ளியில்லாத பன்னிரண்டைத் தேடிப் பிடித்தேன். நான் அறியாமல் செய்தேன் என்று யாரும் எழுதிவைக்க வேண்டாம். ஒரு தொலைபேசி அழைப்பில் அந்த நிகழ்வை நிரலிலிருந்து நீக்கச் சொல்லியிருக்கலாம். மீன் வாத்தியார் வீட்டு மீனுக்கு நோய் என்று நான்கு பேர் சொல்வார்கள், அவ்வளவுதான் நடந்திருக்கும். அந்த நான்கு பேரைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எந்த மீனையும் தொட்டியில் விடுமுன் பையை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்ப்பது என் வழக்கம். அன்று தூக்கிப் பார்க்கவில்லை. பையைப் பணிப்பெண்ணிடம் கொடுத்துத் தொட்டி நீரில் மிதக்கவிடச் சொன்னேன். அவர் பையைப் பிடித்தபடி சற்று நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"விட்டுடலாமா சார்?"

"விடுங்கள்" என்றேன். கைதட்டினார்கள். சட்டமன்ற உறுப்பினர் என் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார்.

ஐந்தாம் நாள் தொட்டியில் உரசல் தொடங்கியது. ஏழாம் நாள் மக்சிக்கின் கப்பி முழுக்க உப்புத் தூவியதுபோல் ஆயிற்று. அதன் செவுள் மூச்சுக்கு அடித்துக்கொண்டதை அவர் மூன்றரை மணி நேரம் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார்; வேறெங்கும் திரும்பவியலாமல் அவர் கை இயந்திரத்தோடு கட்டப்பட்டிருந்தது. வீட்டில் சாவை மறைக்க எனக்குக் காலைப்பொழுது இருந்தது. அங்கே நாற்காலியில் கிடந்தவர்களின் கண்முன் பட்டப்பகலில் ஒவ்வொன்றாகக் கவிழ்ந்தன. பணிப்பெண் வலையோடு வந்து எடுப்பார். எடுத்ததை ஒரு வெள்ளைத் துணியால் மூடிக்கொண்டு போவார். அறையில் தொலைக்காட்சியின் ஒலியைத் தவிர வேறு சத்தம் இராது.

தலைமைத் தாதியை எல்லாரும் பெரிய மிஸ்ஸி என்பார்கள். அவர் என்னை அழைத்து, சார் ஒருவர்தான் இதைத் தெரிந்தவர், என்ன ஆயிற்று என்று சொல்லுங்கள் என்று கேட்டார். நோயாளிகள் காதுகொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தொட்டியின் முன் குனிந்து நின்றேன். போதிய நேரம் நின்றுவிட்டு நிமிர்ந்தேன்.

"தண்ணீர் மாற்றுவதில் ஏதோ கவனக்குறைவு நேர்ந்திருக்க வேண்டும்."

யாருடைய கவனக்குறைவு என்று நான் சொல்லவில்லை. தண்ணீர் மாற்றுகிறவர் ஒருவர்தான். எல்லாத் தலைகளும் அவரை நோக்கித் திரும்பின.

"சார் எழுதிக் குடுத்த மாதிரிதான் சார் செஞ்சேன். ஒரு நாள்கூட மாத்தல" என்றார் அவர், கையில் வலையோடு.

நான் வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் வீட்டிலிருந்து நீல மருந்துக் குப்பியைக் கொண்டுபோனேன். வீட்டுத் தொட்டியிலும் அதே மருந்தைத்தான் ஊற்றிக்கொண்டிருந்தேன். நோய்க்கான மருந்து என்று சொன்னால் நோய் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எழும். ஆகவே தண்ணீரைப் பதப்படுத்தும் திரவம் என்று சொல்லி ஊற்றினேன். சூட்டுக்கருவியின் அளவைச் சற்று உயர்த்தினேன். காலம் கடந்திருந்தது. வீட்டில் மற்றத் தொட்டிகளுக்கும் பரவி, ஐந்து மட்டும் பிழைத்தன. நிலையத்தில் ஒன்றுமில்லை. கடைசி நியான் போன அன்று லாரி ஓட்டுநர் என் மனைவியிடம், மிஷின் நம்மளுக்கு மட்டுந்தான் அக்கா வேல செய்யும்போல என்று சொல்லிச் சிரித்தாராம். அடுத்த செவ்வாய் அவர் வரவில்லை. வியாழனும் நாற்காலி காலியாக இருந்தது. மலாக்காப் பெரிய மருத்துவமனையில் இறந்துவிட்டார் என்று சனிக்கிழமை தெரிந்தது.

அவருடைய இதயம் நெடுநாளாகவே பழுது. எல்லாருக்கும் அது தெரியும். ஆயினும் சாவை எதிர்பார்த்துக் கிடப்பவர்களுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. அந்தக் காரணத்துக்கு நான் ஏற்கெனவே ஒரு முகம் கொடுத்திருந்தேன். யார் முதலில் சொன்னார்கள் என்று தெரியவில்லை. அந்தப் பெண்ணுக்குக் கைராசி இல்லை என்றார்கள். அவர் கை பட்ட மீன்கள் போயின. கடைசியாக லாரி ஓட்டுநரின் கையில் பஞ்சை அழுத்திப் பிடித்தவரும் அவர்தான். ஆறு ஆண்டுகளாக வலிக்காத கை என்று கேட்டுக் கேட்டு அழைத்த அதே மனிதர்கள், அவர் அருகே வந்தால் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்கள்.

"அந்தம்மா கை வேணாம் மிஸ்ஸி. நீங்களே புடிங்க" என்று ஒருவர் வெளிப்படையாகவே சொன்னார். அவருக்கு இரண்டடி தள்ளித்தான் அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தார். நோயாளிகளிடையே வேலை செய்கிறவருக்குக் கை போனால் எல்லாம் போயிற்று. அந்தக் கையை மீட்டுத் தரக்கூடிய ஒரு வாக்கியம் என்னிடம் மட்டுமே இருந்தது.

மக்சிக் ஒருவர்தான் மீனுக்கும் மனிதனுக்கும் ஆயுளை எழுதுவது இறைவன், கூட்டுகிற பெண் அல்லள் என்று மலாயில் உரக்கச் சொல்லிவிட்டுத் தன் கையை நீட்டினார். இன்னொரு கை என் மனைவியுடையது. நீளக்கை இரவிக்கையை அன்றோடு விட்டாள். குட்டைக் கையோடு வந்து, புடைத்த கையை எல்லாரும் பார்க்க நீட்டி, "இங்க வாம்மா, நீதான் புடிக்கணும்" என்று ஒவ்வொரு முறையும் அந்தப் பெண்ணை அழைத்தாள். அது எனக்காகச் சொல்லப்பட்டது என்று கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்குத் தெரியும்.

ஒரு வியாழக்கிழமை வீடு திரும்பும்போது காரில் கேட்டாள்.

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

இது ஒரு மீன் விவகாரம், இதைப் பெரிதாக்க வேண்டாம் என்றேன். புதிய மீன் வாங்கி விட்டால் எல்லாரும் மறந்துவிடுவார்கள் என்றும் சொன்னேன்.

"மீன் வெவகாரம் மீனோட போயிடுச்சு. இது அவ கை வெவகாரம்" என்றாள்.

அன்றே உட்கார்ந்து நிலையத்துக்கு ஒரு கடிதம் வரைந்தேன். இரண்டு பக்கம். ஒட்டுண்ணியின் வாழ்க்கைச் சுழற்சியை விளக்கி, புதிய மீன்கள் வழியாக நோய் நுழைந்திருக்கக்கூடும் என்றும், நீர் மாற்றும் முறையில் குறை இருந்திருக்க வாய்ப்பில்லை என்றும் எழுதினேன். பிழை இல்லாத நடை. அவளிடம் படிக்கக் கொடுத்தேன். அவள் ஆறாம் வகுப்போடு நின்றவள். ஆனால் ஒரு வரி விடாமல் படித்தாள். படித்து முடித்துத் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தாள்.

"இதுல நீங்க எங்க இருக்கீங்க?"

கடிதத்தை நான் அனுப்பவில்லை. சொல்லவும் இல்லை. இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன். ஒரு வாரம் இருமல். அடுத்த வாரம் பெரிய மிஸ்ஸி விடுப்பில் இருந்தார். காரணங்கள் எப்போதும் கண்ணியமாகவே இருக்கும். அதற்குள் அந்தப் பெண் வேலையை விட்டுவிட்டார். யாரும் போகச் சொல்லவில்லையாம். எடை பார்க்கும் இயந்திரத்தைத் துடைத்துவைத்து, பொருளறைக் கதவில் ஒட்டியிருந்த என் தாளைக் கிழியாமல் உரித்து மடித்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனாராம்.

அடுத்த சனிக்கிழமை நான் சிகிச்சை அறைக்குள் சென்றேன். எட்டு நாற்காலிகளிலும் ஆட்கள் இருந்தார்கள். தொலைக்காட்சியை நிறுத்தச் சொன்னேன். ஓய்வு பெற்ற பிறகு ஓர் அறையின் முன் நின்று பேசுவது அதுவே முதல்முறை. மீன்களுக்கு நோய் என் வீட்டிலேயே வந்துவிட்டது; அதைத் தெரிந்தே கொண்டுவந்து விட்டேன்; அந்தப் பெண்மீது எந்தத் தவறும் இல்லை; தவறு அவருடையது என்று நீங்கள் நினைக்கும்படி பேசியது நான். இவ்வளவையும் சொன்னேன். குரல் நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் ஒருவேளை நம்பியிருப்பார்கள்.

பிறகு பெரிய மிஸ்ஸி அருகில் வந்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"சார், அந்தம்மா மேல பாவப்பட்டுப் பழிய நீங்க ஏத்துக்கிறீங்க. யாரு சார் இப்படிச் செய்வா? பெரிய மனசு சார் உங்களுக்கு."

ஒரு நாற்காலியிலிருந்து யாரோ, வாத்தியார்னா வாத்தியார்தான்லா என்றார். இரண்டு பேர் கட்டப்படாத கையால் தொடையில் தட்டினார்கள். இல்லை, நான் சொல்வது உண்மை என்று மறுத்தேன். மறுக்க மறுக்க என் பெருந்தன்மை வளர்ந்துகொண்டே போயிற்று. நான் வாழ்நாள் முழுவதும் செங்கல் செங்கலாகக் கட்டிய சுவர் அது. உள்ளிருந்து தட்டினால் வெளியே கேட்காதபடி அத்தனை நேர்த்தியாகக் கட்டியிருந்தேன். நான் சொன்னது என்ன என்று மக்சிக் ஒரு தாதியிடம் கேட்டறிந்தார். என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். அந்த அறையில் என்னை நம்பியவர் அவர் ஒருவரே. என் மனைவி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பெண் ரெம்பியாவில் ஒரு சோற்றுக்கடையில் வேலை செய்வதாக விசாரித்து அறிந்து, மதியக் கூட்டம் ஓய்ந்த நேரத்தில் போனேன். என்னைக் கண்டதும் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வந்தார். "உக்காருங்க சார். டீ சொல்றேன்" என்றார். தேநீர் வருமுன்பே நான் சொல்லத் தொடங்கிவிட்டேன். அறையில் சொன்னதையே சொன்னேன். இம்முறை நிரல்பட வரவில்லை. அவர் மேசையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"தெரியும் சார்" என்றார்.

என்ன தெரியும் என்று கேட்டேன்.

"அன்னைக்குப் பையப் புடிச்சப்பவே பாத்தேன். ஒண்ணுக்கு வாலுல வெள்ளையா இருந்துச்சு. சொல்ல வாயெடுத்தேன். அப்புறம், சார் படிச்சவரு, தெரியாமயா கொண்டாந்திருப்பாருன்னு விட்டுட்டேன்."

குற்றம்சாட்டும் குரலில் அதைச் சொல்லவில்லை. வெளியே மழை வருகிறதா என்று பார்த்துச் சொல்கிறவரைப் போலச் சொன்னார். நிலையத்துக்குத் திரும்பி வரும்படியும், அவர் அருகிலிருக்க நானே எல்லார் முன்னும் மீண்டும் சொல்வதாகவும் கேட்டுக்கொண்டேன்.

"வேணாம் சார். இங்க யாரும் கையப் பாக்குறதில்ல. சோறு சூடா இருக்கான்னுதான் பாக்குறாங்க." பிறகு என் மனைவியைப் பற்றி, ஆண்ட்டிக்குக் கைவீக்கம் குறைந்ததா, யார் பஞ்சு பிடிக்கிறார்கள் என்று விசாரித்தார். கட்டைவிரலால் அழுத்தச் சொல்லக் கூடாது, இரண்டு விரலால் மெதுவாகப் பிடிக்கச் சொல்லுங்கள் என்று தன் மணிக்கட்டில் வைத்துக் காட்டினார். தேநீரை நான் குடித்து முடிக்கும்வரை நின்றுகொண்டிருந்துவிட்டு உள்ளே போனார்.

வீட்டில் மீந்த ஐந்து மீன்களையும் ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன். ஆறு வாரம் புள்ளி எதுவும் தோன்றாததைப் பார்த்த பிறகே கொடுத்தேன். இப்படி நடந்தது என்பதையும் அவரிடம் சொன்னேன். நிலையத்தின் தகட்டைக் கழற்றிவிடும்படி பெரிய மிஸ்ஸியைக் கேட்டேன். அவர் சம்மதிக்கவில்லை. உங்கள் பெயர் இருப்பது எங்களுக்குப் பெருமை என்றார். புதிய பணிப்பெண் வாரம் ஒருமுறை அதை எலுமிச்சைச் சாறு தேய்த்துப் பளபளப்பாக்குகிறார்.

தொட்டியில் இப்போது பிளாஸ்டிக் மீன்களை விட்டிருக்கிறார்கள். காற்றுக்குழாயின் குமிழில் அவை ஏறி இறங்கும். யாரும் அவற்றில் ஒன்றைத் தன்னுடையது என்று சொல்வதில்லை. என் மனைவிக்குப் பஞ்சு பிடிப்பவர் இரண்டு விரலால்தான் பிடிக்கிறார், நான் கேட்டுக்கொண்டேன். நான் கூடத்தில் என் பெயருக்கு எதிரே உட்கார்ந்திருப்பேன். சில வேளை அந்தப் பிளாஸ்டிக் வால்களில் காற்றுக்குமிழ்கள் ஒட்டிக்கொண்டு வெள்ளை வெள்ளையாகத் தெரியும். ஒவ்வொரு முறையும் நெஞ்சு திடுக்கிட்டு எழுந்து அருகே போய்க் குனிந்து பார்க்கிறேன். புதிதாக வந்த நோயாளிகளிடம் பெரிய மிஸ்ஸி என்னைக் காட்டுகிறார். பொம்மை மீனைக்கூட எவ்வளவு அக்கறையாகப் பார்க்கிறார் பாருங்கள் என்கிறார்.